சந்திரமுகியும் மாதவியும்

தேவதாஸ் என்றதும் நம்மவர்கள் வாயில் வருவது, ‘குடிச்சே செத்தவன் கதைதானே’ என்கிற ஒரே பேச்சு. தாடியையும் பாட்டிலையும் வைத்துக் கேலி செய்து செய்து, சரத் சந்திரர் 1917-இல் வெளியிட்ட நாவலும் அதிலிருந்து எடுத்த படங்களும் குடிக்கு வக்காலத்து வாங்குபவை என்று ஆகிவிட்டது. அப்படியல்ல என்பது என் துணிபு. பிமல் ராய் 1955-இல் எடுத்த இந்திப் படத்தைக் கொண்டு இதைச் சொல்ல முற்படுகிறேன்.

நான் முதலில் பார்த்தது தமிழ் தேவதாஸ். நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த அந்த 1953-ஆம் வருடப் படம், 1971 வாக்கில் வந்தவாசிப் பக்கம் டூரிங் கொட்டகைக்கு வந்தது. நாங்கள் நயினார் வீட்டார். பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிடும். அதனால் முதல் ஆட்டத்துக்கு மணலில் முன்னிடம் எங்களுக்குத்தான். அன்று பார்வதிக்காக அழுதேன். கல்கத்தா வந்த பிறகு, 1984-இல் ஒரு ஞாயிறு பகல் காட்சியில் பிமல் ராயின் படத்தைப் பார்த்தேன். அதற்குள் சிலப்பதிகாரத்தை உரையோடு இரண்டு தடவை படித்திருந்தேன். இந்தத் தடவை என் கண் சந்திரமுகி மேலேயே நின்றுவிட்டது.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நள்ளிரவில் தன் அறைக்கே வந்து கேட்ட பார்வதிக்கு தேவதாஸ் நேரில் பதில் சொல்லவில்லை. கல்கத்தா போய், மறுத்துக் கடிதம் எழுதுகிறான். அனுப்பிய பிறகு மனம் மாறுகிறான். கோவலனோ, வசந்தமாலை கொண்டுவந்த மாதவியின் முதல் மடலை ஏற்க மறுக்கிறான். பிறகு காட்டு வழியில் கோசிகன் தந்த ஓலையைப் படித்துத்தான் பிழை தன்னுடையது என்று உணர்கிறான். இருவருக்கும் தெளிவு பிந்தியே வருகிறது.

கடையில் சிலபேரைப் பார்ப்போம். சரக்கை வாங்கவும் மாட்டார்கள், கையிலிருந்து கீழே வைக்கவும் மாட்டார்கள். தேவதாஸ் அந்த ரகம். பற்றே வினைக்கு வேர் என்பது சமணக் கொள்கை. இவனோ பற்றிக்கொள்ளத் துணிவில்லாதவன், விடுவதற்கு வலுவில்லாதவன். அதுதான் நோய், குடி அதன் வெளி அடையாளம்.

விடத் தெரிந்தவள் சந்திரமுகி. தன்னை வெறுத்துக் காசை வீசிவிட்டுப் போனவனைப் பார்த்து அவள் தன் தொழிலையே விடுகிறாள், கிராமத்தில் எளிமையாக வாழ்கிறாள். அவனைத் தேடி அவள் நடந்து வரும் சாலையில் பார்வதியின் பல்லக்கு எதிரே வருகிறது. இருவர் கண்களும் சந்திக்கின்றன; ஒரு வார்த்தை கிடையாது. நாவலில் இல்லாத இந்தச் சந்திப்புதான் படத்தின் உச்சம் என்பேன். 2002-இல் பன்சாலி இவ்விருவரையும் சேர்ந்து ஆடவே வைத்தார். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அந்த மௌனத்தின் கனம் அதில் ஏது?

சந்திரமுகியாக நடித்த நம் வைஜயந்திமாலா, துணை நடிகைக்கான பிலிம்ஃபேர் விருதை வாங்க மறுத்துவிட்டார். தம் பாத்திரம் பார்வதிக்குச் சமமானது என்பது அவர் வாதம். அதை வீம்பு என்பாரும் உண்டு. படத்தைச் சரியாகப் படித்தவர் அவர் என்றே நான் கருதுகிறேன்.

பிமல் ராயிடம் எனக்கு ஒரு குறை உண்டு. தேவதாஸ் பார்வதியின் வாசலில் வந்து சாகிறான். அவள் ஓடிவரும்போது கதவை அடைக்கிறார்கள். நெஞ்சு பதறுகிறது. ஆனால் நோயாளியாகக் கிடந்தவனைப் பேணி அனுப்பிய சந்திரமுகி என்ன ஆனாள்? கதை அவளை வழியிலேயே விட்டுவிடுகிறது. கோவலன் இறந்த செய்தி கேட்ட மாதவியைத் துறவில் சேர்த்தார் இளங்கோவடிகள். தாம் சமணராயிருந்தும் அவளைப் பௌத்தத் துறவியாக்கத் தயங்கவில்லை. அவள் மகளைக் கொண்டு சாத்தனார் தனிக் காப்பியமே செய்தார். எத்தனையோ தடவை படமான கதை இது. சந்திரமுகிக்கு ஒரு சாத்தனார் இன்னும் வரவில்லை.