கஞ்சிலின் குரல்

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் பழைய பெரோடுவா கஞ்சில் கார் வருகிறதென்றால் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கே உரிய, சற்றே கரகரத்த குரல் அது. 1994இல் வந்த வண்டி, 660 சிசிதான். அதை ஓட்டக் காது வேண்டும். ஏற்றத்தில் சத்தம் தடிக்கத் தொடங்கும்போதே கியரை இறக்கிவிட வேண்டும், திணறிய பிறகு அல்ல. பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களின் இடது கை இதைத் தானாகவே செய்யும். மழைக்கு மறுநாள் அவர்கள் ஓட்டும் அழகே தனி. லாரித் தடத்தின் பள்ளத்தில் இறங்காமல், ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் மறுசக்கரத்தை ஓரப் புல்லிலும் ஏற்றி, இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொடாமல் ஊர்ந்து வருவார்கள். பவர் ஸ்டீரிங் இல்லாததால் மண்ணின் வழுக்கல் நேரே உள்ளங்கைக்கு வந்துசேரும். அதுதான் அவர்களுக்கு வழிகாட்டி.

எனக்கு இன்னும் பிடித்தது ஞாயிற்றுக்கிழமைக் கழுவல். முதலில் சக்கர வளைவுக்குள் கையை விட்டு, ஒட்டிய செம்மண்ணை விரலால் வழித்தெடுப்பார்கள். அங்கே ஈரமண் தங்கினால் தகரம் துருப்பிடிக்கும். வெளியே தெரியாத இடத்துக்குத்தான் அத்தனை பொறுமை. கண்ணாடியும் மெழுகும் அதற்கப்புறம்தான்.