மரநிழலும் கிணற்று நீரும்

வெளிக்களக் கற்பித்தல் பற்றிய ஆசிரியர் செயலமர்வு மரநிழலில் நடந்துவிட்டால் மட்டும் போதுமா? விரிவுரை அங்கும் விரிவுரையே. 1901இல் தாகூர் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய பள்ளியிலிருந்து நாம் கொள்ளவேண்டியது நிழலையன்று. இயற்கையோடு இடையறாத உறவையே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. தோட்டத்து உரத்திலும் மலக்குழியிலுமிருந்து நைத்திரேற்று அதனுடன் சேர்கின்றது. இவ்வியக்கத்தை ஒருநாட் செயலமர்வு காட்டமாட்டாது. மாரியிலும் கோடையிலும் அதே கிணற்றுக்கு மீண்டு சென்று, கயிறிட்டு நீர்மட்டம் அளந்து, நீரையும் சோதித்துப் பார்த்த ஆசிரியரே அதனை உணர்வார். ஆகவே, சான்றிதழோடு முடியும் பயிற்சி குறைப்பயிற்சியே. மாணவன் நாளும் பருகும் நீரைப் பற்றிய கேள்வியை அவனுள் எழுப்பவியலாத கல்வி யாருக்காக?