நல்ல ஆளும் சுமார் ஆளும்

மதுரைப் பக்கம் டென்னிஸ் ஆடுகிற இடங்களில் இரட்டையர் ஆட்டத்துக்கு ஆள் பிரிப்பது அநேகமாக ஒரே மாதிரிதான். நாலு பேரில் நன்றாக ஆடுகிற இருவரை எதிரெதிரே நிறுத்துவார்கள். மிச்சமுள்ள இருவரை ஆளுக்கு ஒருவராகக் கொடுப்பார்கள். கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை முடித்து வருகிறவர்களின் ஆட்டத்தில் இது தவிர்க்க முடியாதது. திருமங்கலத்திலிருந்து வர வேண்டிய ஆள் சுங்கச்சாவடி வரிசையைக் கடந்து வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். வேலியோரம் வேடிக்கை பார்ப்பவரில் ஒருவரை, “வாங்க, ஒரு செட் ஆடலாம்” என்று இறக்கிவிடுவார்கள்.

தன்னைவிட மட்டமான ஆளோடு சேர்ந்தால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று இந்த வழக்கத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. டென்னிஸ் ஒரு விஷயத்தில் கறாரானது. அதன் விதிகளே சுமாரான ஆளை ஒளிந்துகொள்ள விடுவதில்லை. நாலு ஆட்டத்துக்கு ஒரு முறை அவர் செர்வ் போட்டே ஆக வேண்டும். எதிரணி செர்வ் போடும்போது பாதிப் பந்துகளை அவரே திருப்பியடிக்க வேண்டும். பெரும்பாலும் நல்ல ஆள் இடப்பக்கம் நின்றுகொண்டு துணையை வலப்பக்கம் நிறுத்துவார். ஆட்டத்தை முடிக்கும் புள்ளிகள் இடப்பக்கம் அதிகம் வருகின்றன என்பது கணக்கு. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தின் முதல் புள்ளியும் வலப்பக்கத்துக்குத்தான் போகிறது. ஐந்து புள்ளியில் முடியும் ஆட்டத்தில் வலப்பக்கத்தார் மூன்று பந்தை எடுக்கிறார், இடப்பக்கத்தார் இரண்டைத்தான். ஆக, சுமாரான ஆளின் கைக்குப் பந்து வராமல் போகாது. வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் கோளாறு.

பந்து இருவருக்கும் நடுவில் வருகிறது. சுமாரான ஆளுக்கு அது எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மட்டையைப் பின்னால் இழுத்தும்விட்டார். “லீவ், லீவ்!” என்று ஒரு குரல், பின்னாலிருந்து நல்ல ஆள் குறுக்கே பாய்ந்து அடிக்கிறார். புள்ளி கிடைக்கிறது, கை தட்டுகிறார்கள். அடுத்த முறை அதே பந்து வரும்போது இவர் மட்டையை இழுக்கவே மாட்டார், பாதி திரும்பிப் பின்னால் பார்ப்பார். குரல் வராது. பந்து இருவருக்கும் நடுவே போய்விடும். அரை மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் தன் கையை நம்பாமல் போவதை எந்த மைதானத்திலும் பார்க்கலாம். “விடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்ற அந்த அன்பான வார்த்தை திட்டைவிட அதிகக் கெடுதல் செய்கிறது.

பெரிய மேடையில் இந்த ஏற்றத்தாழ்வு எப்படிப் போயிருக்கிறது என்று பார்த்தால் ஒரே பதில் கிடைப்பதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன் லியாண்டர் பயஸோடு ஆட மகேஷ் பூபதியும் ரோஹன் போபண்ணாவும் மறுத்தார்கள். கடைசியில் தரவரிசையில் வெகு கீழே இருந்த விஷ்ணு வர்தனை பயஸுக்குத் துணையாக அனுப்பினார்கள். முதல் சுற்றில் வென்ற அந்த ஜோடி, இரண்டாம் சுற்றில் பிரான்சின் லோத்ரா–சோங்கா ஜோடியிடம் ஒரு செட்டைப் பறித்துவிட்டு மூன்றாவது செட்டில்தான் தோற்றது. அந்தப் பிரெஞ்சு ஜோடிக்குத்தான் பிறகு வெள்ளிப் பதக்கம். சரிசமமான ஜோடி என்று சொல்லப்பட்ட பூபதி–போபண்ணாவும் அதே இரண்டாம் சுற்றில்தான் வெளியேறினார்கள், அதுவும் நேர் செட்களில். அத்தனை சண்டையும் எதற்கு என்று அன்றைக்கே கேட்கத் தோன்றியது.

2017 சென்னை ஓப்பனில் போபண்ணா தன்னைவிடத் தரவரிசையில் கீழே இருந்த சென்னைக்காரர் ஜீவன் நெடுஞ்செழியனோடு ஆடிப் பட்டம் வென்றார். ஜீவனுக்கு அதுதான் முதல் ஏ.டி.பி. பட்டம். அடுத்த பட்டத்துக்கு அவர் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது சீனாவின் ஹாங்சோவில் வந்தது, துணை இன்னொரு சென்னைக்காரரான விஜய் சுந்தர் பிரசாந்த். இருவரும் ஏறக்குறைய ஒரே தரம். இரண்டு பட்டத்தை வைத்துப் பெரிய முடிவு எதுவும் கட்ட முடியாது. பெரிய ஆளோடு சேர்வது கதவைத் திறந்துவிடுகிறது, உள்ளே நடந்து போவது வேறு வேலை என்கிற அளவுக்குச் சொல்லலாம்.

அதே 2024-இல் முதல் பத்துக்குள் இருந்த போபண்ணாவுக்கு ஒலிம்பிக் துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஸ்ரீராம் பாலாஜியை அழைத்துக்கொண்டார். பாரீஸில் முதல் சுற்றிலேயே 5–7, 2–6 என்று மோன்ஃபிஸ்–ரோஜர் வாசலின் ஜோடியிடம் தோல்வி. தவறான தேர்வு என்று எழுதினால் எளிது. ஆனால் வழக்கமாகச் சேர்ந்து ஆடாத இருவர், சொந்த மண்ணில் ஆடும் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றதற்குத் தர வித்தியாசத்தை மட்டும் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம்.

சேர்ந்து ஆடிய பழக்கம் நம்மூர் ஆட்டத்தில் இன்னும் முக்கியம். தினமும் ஜோடியைக் கலைத்துப் பிரிப்பதால் ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும், யாரும் வெளியே உட்கார வேண்டியதில்லை. அது நியாயமான லாபம். ஆனால் நடுப்பந்து யாருடையது, தலைக்கு மேல் தூக்கியடித்தால் யார் பின்னால் ஓடுவது என்பதெல்லாம் ஒரே ஆளோடு சில வாரமாவது ஆடினால்தான் பேசாமலே புரியும். தினம் ஒரு துணை என்றால் அந்தப் பேச்சு ஆரம்பிப்பதே இல்லை. நல்ல ஆளுக்கும் இதில் நஷ்டம்தான். எல்லாப் பந்தையும் தானே அடித்துப் பழகியவர், தனக்குச் சமமான துணை கிடைக்கிற நாளில் அவர் மேலேயே போய் மோதுவார்.

இடைவெளி மிக அதிகமானால் இந்த வாதமெல்லாம் நிற்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செர்வைக் கட்டத்துக்குள் போடத் தெரியாதவரை இறக்கிவிட்டால் அது இரட்டையர் ஆட்டமே இல்லை. அவருக்குச் சுவரோ, ஒரு கூடை பந்தோடு பயிற்சியாளரோதான் தேவை. பத்துக்கு ஆறு பந்தையாவது மெதுவாகவேனும் திருப்பிப் போடுகிறவருக்குத்தான் இந்த வழக்கம் பலன் தரும்.

அப்படிப்பட்டவர் இருக்கும் ஜோடிகளுக்கு நான் ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்வேன். நேரம் போதாமல் பல மைதானங்களில் 40–40 ஆனதும் ஒரே புள்ளியில் முடித்துவிடுகிறார்கள், ஏ.டி.பி. இரட்டையரிலும் 2006 முதல் அதுதான் விதி. பந்தை எந்தப் பக்கம் வாங்குவது என்று வாங்கும் ஜோடியே முடிவு செய்யலாம், அதற்காக இருவரும் இடம் மாறக் கூடாது. எல்லோரும் யோசிக்காமல் நல்ல ஆள் நிற்கும் பக்கத்தைக் காட்டிவிடுகிறார்கள். பட்டத்துக்கு ஆடும்போது அது சரி. சாயங்கால ஆட்டத்தில் சுமாரானவர் நிற்கும் பக்கத்தைக் காட்டுங்கள், நல்ல ஆள் நெட்டருகே வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும். முதல் சில வாரம் நிறைய ஆட்டம் கைவிட்டுப் போகும். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் கட்டி ஆடுகிறவர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களை வற்புறுத்துவதில் அர்த்தமில்லை.