மூன்று மச்சங்களை நம்பியவன்

மறுபிறவி வரும் காதல் கதை என்றாலே நமக்கு ஒரு முன்முடிவு இருக்கிறது. செத்தவன் திரும்பி வருவான், காதலி அவனை அடையாளம் கண்டுகொள்வாள், அழுத கண்ணீருக்கு ஒரு பலன் கிடைக்கும். இந்த எதிர்பார்ப்போடு யுகியோ மிஷிமாவின் 'வசந்தப் பனி' (1969) நாவலைத் திறந்தால் ஏமாந்துதான் போவோம். மைக்கேல் கல்லகரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இதை வாசித்தேன். அந்த ஏமாற்றம்தான் நாவலின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதை 1912இல், ஜப்பானின் தைஷோ காலத் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. பிரபு வீட்டுப் பையன் கியோஆகிக்கு 18 வயது. தன்னைவிட இரண்டு வயது மூத்த சடோகோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை அவளை உதாசீனம் செய்கிறான். அரச குடும்பத்து இளவரசனுக்கு அவள் நிச்சயமான பிறகுதான் அவனுக்குக் காதல் முற்றுகிறது. ரகசியச் சந்திப்புகள், கர்ப்பம், கருக்கலைப்பு. கடைசியில் சடோகோ நாரா அருகே ஒரு மடத்தில் தலையை மழித்துத் துறவியாகிறாள். காய்ச்சலோடு பனியில் மலையேறி மடத்து வாசலில் காத்துக்கிடந்தும் அவளைப் பார்க்க முடியாமல், 20 வயதில் கியோஆகி செத்துப்போகிறான். சாகும்முன், அருவிக்குக் கீழே மறுபடி சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

யாரிடம் சொல்கிறான்? சடோகோவிடம் இல்லை, நண்பன் ஹோண்டாவிடம். நாவலில் நான் நின்று யோசித்த இடம் இதுதான். இழப்பை ஏற்றுக்கொண்டவளுக்கு மறுபிறவி தேவைப்படவில்லை. ஏற்க முடியாதவனுக்குத்தான் அது தேவைப்படுகிறது. தொடர்ந்து வரும் மூன்று நாவல்களில், நண்பனின் உடலில் இருந்த அதே மூன்று மச்சங்களை ஒரு தீவிரவாத இளைஞனிடமும், தாய்லாந்து இளவரசியிடமும், ஓர் அநாதைப் பையனிடமும் ஹோண்டா கண்டுபிடிக்கிறான். படித்த சட்டக்காரன், பல பத்தாண்டுகளாக மச்சம் தேடி அலைகிறான்!

முதல் நாவலிலேயே மடத்தலைவி ஒரு கதை சொல்கிறார். இருட்டில் தாகத்தோடு ஒருவர் தண்ணீர் குடிக்கிறார், இனிக்கிறது. விடிந்ததும் அது மண்டையோட்டில் தேங்கிய தண்ணீர் என்று தெரிந்து வாந்தி எடுக்கிறார். எல்லாம் மனம் செய்யும் வேலை என்று அப்போது அவருக்குப் புரிகிறது. ஹோண்டாவின் மச்சங்களும் அந்தத் தண்ணீர்தானோ? நான்காம் நாவலின் முடிவில், முதுமையில் அதே மடத்துக்குப் போகிறான். இப்போது மடத்தலைவியாக இருக்கும் சடோகோ, கியோஆகி என்று யாரையும் தனக்குத் தெரியாது என்கிறாள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தலைமுடியை இழந்த பிறகு சடோகோவின் மனசுக்குள் மிஷிமா நம்மை விடுவதே இல்லை. வயிற்றுப் பிள்ளையை இழந்தவள் அவள். ஆனால் நான்கு நாவல்களும் ஆண்களின் துக்கத்தைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அவளுடைய மறதி ஞானமா, காயமா என்று கடைசிவரை தெரியவில்லை. அது வேண்டுமென்றே விட்ட இடைவெளி என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

ஆனாலும் வாசியுங்கள். முதல் நாவலோடு நிறுத்தினால் அழகான காதல் கதை கிடைக்கும். நான்கையும் முடித்தால், ஒருவரை இழந்த பிறகு தெருவில் போகிறவர் முகத்திலெல்லாம் அவரைத் தேடுகிறோமே, அந்தத் தேடலை அருகிலிருந்து பார்க்கலாம்.