அணுக்கருவின் பிணைப்புச் சத்தியும் இரு மாதிரிகளும்

அறிவியற் கொள்கையொன்றின் தகுதியை, அஃது அளவீடுகளோடு பொருந்துமளவு கொண்டு மதிப்பிடுதல் வழக்கு. ஆயின், பொருந்தாது எஞ்சும் சிற்றளவே சிலபோது பெருஞ்செய்தியைத் தரும். அணுக்கருவின் பிணைப்புச் சத்தி பற்றிய ஆராய்ச்சி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

புரோத்தன்களும் நியூத்திரன்களும் கூடிக் கருவாகுங்கால் அவற்றின் மொத்தத் திணிவிற் சிறிது குறைகின்றது. அக்குறைவுக்கு ஈடான சத்தியே பிணைப்புச் சத்தி. கருவைத் திரவத்துளியாகக் கொண்ட காமோவின் கருத்தைத் தழுவி, 1935 ஆம் ஆண்டில் வைத்சேக்கர் இதற்கொரு வாய்பாடு அமைத்தார். இன்று வழங்கும் அதன் வடிவம் ஐந்து உறுப்புக்களை உடையது. துணிக்கை ஒவ்வொன்றும் அயலிலுள்ளவற்றையே பற்றுதலின், பிணைப்பு துணிக்கைத் தொகைக்கேற்ப வளரும். மேற்பரப்பில் அயல் குறைதலாற் சிறிது இழக்கப்படும். புரோத்தன்களின் மின் விலக்கலால் மேலும் குறையும். இம்மூன்றும் துளியுவமையினின்று இயல்பாய்ப் பிறப்பன. இருவகைத் துணிக்கைகளின் தொகை வேற்றுமையையும், அவை இணைசேர்தலையும் குறிக்கும் ஏனைய இரண்டோ துளி தருவன அல்ல. சத்திச்சொட்டுக் கொள்கையினின்று பெற்ற இரவல்களே.

82 புரோத்தன்களும் 126 நியூத்திரன்களும் உடைய ஈயக் கருவின் பிணைப்புச் சத்தி ஏறக்குறைய 1636 மில்லியன் இலத்திரன் உவோற்று. துளிவாய்பாடு இதனினும் ஏறக்குறைய 10 அலகு குறைத்துக் கூறும். நூற்றுக்கு ஒன்றினுங் குறைந்த இப்பிழையைப் புறக்கணித்தல் எளிது. ஆனால் 2, 8, 20, 28, 50, 82, 126 என்னுந் தொகைகளில் இத்தகைய மிகையுறுதி மீளமீளத் தோன்றியது. அதற்குக் காரணந் தேடியே 1949 இல் மரியா கோப்பர்ட் மேயரும், தனியே யென்சன் குழுவினரும் ஓட்டு மாதிரியை நிறுவினர். துணிக்கை ஒவ்வொன்றும் தனக்குரிய ஒழுக்கில் இயங்கும் என்பதும், அதன் தற்சுழற்சி ஒழுக்கியக்கத்தோடு வலிதாய்ப் பிணையும் என்பதும் அதன் சாரம்.

இம்மாதிரியும் குறையற்றதன்று. அப்பிணைப்பின் வலிமை அளவீடுகளுக்கேற்பத் தெரிந்து கொள்ளப்பட்டது. தனித்தனித் துணிக்கைகளின் சத்திகளைக் கூட்டினால் மொத்தப் பிணைப்பு செவ்வனே கிடைப்பதுமில்லை. 1967 இல் ஸ்ருற்றின்ஸ்கி, மொத்தத்தைத் துளியினின்றும் ஏற்றவிறக்கத்தை ஓடுகளினின்றும் எடுத்துக் கணித்தார். பயன் மிக்கதாயினும் இஃது இணக்கமேயன்றி ஒருமைப்பாடன்று.

8 புரோத்தன்களும் 20 நியூத்திரன்களும் உடைய ஒட்சிசன்-28, இரு தொகைகளும் நிறைந்ததாதலின் உறுதியுடையதாதல் வேண்டும். 2023 இல் வெளியான யப்பானியப் பரிசோதனை முடிபோ, அது நான்கு நியூத்திரன்களை உகுத்து உடனே சிதைவதைக் காட்டியது. உறுதியான கருக்களிற் கண்ட விதி எங்குஞ் செல்லாது என்பது இதனாற் புலனாம்.

விண்மீன்களிற் பார மூலகங்கள் உருவாகும் வரலாறு, இதுவரை அளக்கப்படாத பல கருக்களின் பிணைப்பிலே தங்கியுள்ளது. அங்கே கைகொடுப்பது பொருத்தப்பட்ட எண்ணன்று. எண் பொருந்தியதன் காரணத்தை அறியும் அறிவே.