காட்டை அறிந்தவனும் காட்டிற்கு உரியவரும்

பொழுதுபோக்கு என்று பெயர் சூட்டிவிட்டால் ஒரு படைப்பு விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடும் என்று கருதுவோர் இன்றும் உளர். துப்பறியும் நாவலுக்கும் திரைப்படத்துக்கும் நெடுங்காலம் அளிக்கப்பட்ட இச்சலுகை, இப்பொழுது பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளுக்குக் கிட்டியுள்ளது. இவற்றுள் மூத்தது, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரது ஆக்கமாக 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்து வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ ஆகும். மேசையைச் சூழ நாலைந்து பேர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது செய்வனவற்றை வாயாற் கூறுவர். ஐயத்துக்கிடமான செயலின் வெற்றி தோல்வியை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். எழுத்திற் பதியாத கூட்டுக்கதை என்றே இதனைக் கொள்ளலாம். ஆயின் இக்கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதுதான் விதிநூல். எதனைச் செய்தால் பரிசு, எவரைக் கொன்றால் பாவமில்லை என்பனவற்றை அந்நூல் முன்னரே வகுத்துவிடுகிறது.

இவ்விளையாட்டின் பாத்திர வகைகளுள் ‘றேஞ்சர்’ எனப்படுவோன் தனிக் கவர்ச்சி வாய்ந்தவன். அரண்மனையையும் ஆலயத்தையும் சாராதவன்; சுவடு பார்த்துப் பகைவரின் தொகையைக் கூறுபவன்; வில்லேந்தி எல்லைப்புறங்களில் உலவுபவன். நாள் முழுவதும் மணியோசைக்குக் கட்டுண்டு வாழும் ஒருவர், வார இறுதியில் இப்பாத்திரத்தை ஏற்று மூன்று மணிநேரம் கற்பனைக் காட்டிற் கழிப்பதாற் பெறும் இன்பத்தை நான் இழித்துரைக்க மாட்டேன். அவ்வின்பத்தை நானும் அறிவேன். உழைப்பு உழைப்பவனுக்கே அந்நியமாகிப்போன சமுதாயத்தில், கண்ணும் காதும் காலும் கொண்டு ஓர் உலகை முழுமையாக அறிந்த ஒருவனாக நடிக்கும் வேட்கை நியாயமானதே. அவன் அறிந்த காடு எவருடையது என்பதே நமது வினா.

விடை காண அவனது வமிசாவளியை நோக்க வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் ‘றேஞ்சர்’ என்ற சொல் அரசனின் வேட்டைக் காடுகளைக் காத்த அலுவலனைக் குறித்தது. அக்காட்டில் மான் எய்த குடியானவனுக்கு அவன் நண்பனல்லன். அத்திலாந்திக்கைக் கடந்த பின் சொல் படைத்தொழிலோடு சேர்ந்தது. றொபேட் றொஜர்ஸ் என்பாரின் றேஞ்சர் படை பழங்குடியினரின் காட்டுப் போர்முறையைக் கற்றுக்கொண்டது; 1759 இல் அபெனாக்கி மக்களின் சென் பிரான்சிஸ் கிராமத்தை எரித்தது. ரெக்சாஸ் மாநிலத்தில் அதே பெயர் தாங்கியோர், 1918 சனவரியில் போர்வெனிர் என்ற சிற்றூரில் மெக்சிக்க வமிசத்தவரான பதினைந்து ஆடவரையும் சிறுவரையும் சுட்டுக் கொன்றனர்.

இலக்கியத்தில் இவ்வுருவத்துக்குச் சதையும் இரத்தமும் அளித்தவர் பெனிமோர் கூப்பர். 1823 இல் வெளியான ‘த பயனியர்ஸ்’ என்னும் நாவலில், முதிய வேடன் நற்றி பம்போ, தடைசெய்யப்பட்ட பருவத்தில் மான் எய்ததைத் தொடர்ந்து எழுந்த வழக்கில் புதிய குடியேற்றத்தின் நீதிபதிமுன் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்படுகிறான். எவன் வழிகாட்டியதால் அந்நிலத்திற் குடியேற முடிந்ததோ, அவனையே குடியேற்றத்தின் சட்டம் குற்றவாளியாக்குகிறது. இறுதியில் அவன் மேற்கு நோக்கி நடக்கிறான். அவன் நடந்த தடத்திலேயே அடுத்த குடியேற்றமும் பின்தொடரும். கூப்பரின் அரசியல் எதுவாயினும், அவருடைய கலை இம்முரண்பாட்டை மறைக்கவில்லை.

ரோல்கின் மறைத்தார் என்று கூறத் தோன்றுகிறது. 1954–55 இல் வெளிவந்த ‘த லோர்ட் ஒப் த றிங்ஸ்’ நவீனத்தில் வரும் அறகோர்ன், கந்தையணிந்து வடபுலக் காடுகளில் உலவும் றேஞ்சர். தாம் காக்கப்படுகிறோம் என்பதையே அறியாத எளிய மக்களைக் காப்பவன். அருமையான படைப்பு. ஆயினும் கந்தைக்குள் இருப்பவன் அரச வமிசத்தின் வாரிசு. நற்றி பம்போவின் வறுமை வறுமையே. அறகோர்னின் வறுமையோ முடிசூட்டு விழாவரை தரித்திருக்கும் வேடம்.

விளையாட்டு இவ்விருவரிடமிருந்தும் கடன் பெற்றது. 1975 இல் ஜோ பிஷர் என்பார் ஒரு விளையாட்டு இதழில் முதன்முதல் வகுத்த இப்பாத்திரத்தை, கைகாக்ஸின் 1978 ஆம் ஆண்டு விதிநூல் நிலைப்படுத்தியது. உயர்படியை எட்டிய றேஞ்சர் தொலைவிலுள்ளதைக் காட்டும் மாயப்பொருள்களைக் கையாளலாம் என்ற விதி, அறகோர்ன் நோக்கிய காட்சிக் கல்லின் நேரடி எச்சம். எனினும் அந்நூலில் நம் கவனத்துக்குரியவை வேறு இரண்டு விதிகள்.

ஒன்று, உடைமை பற்றியது. றேஞ்சர் தன் உடலிலும் குதிரையிலும் சுமக்கக்கூடிய அளவுக்கு மேல் எதனையும் சொந்தமாக வைத்திருத்தல் ஆகாது. எஞ்சிய செல்வத்தைப் பொது நன்மைக்கு வழங்கிவிட வேண்டும். அதனையும் சக ஆட்டக்காரரின் பாத்திரத்துக்குக் கொடுத்துத் தப்ப இயலாது. தங்கம் திரட்டுவதையே வளர்ச்சியின் அளவுகோலாகக் கொண்ட ஒரு விளையாட்டில், உடைமைக்கு வரம்பு கட்டிய இவ்விதி வியப்புக்குரியது.

மற்றொன்று பகை பற்றியது. ‘இராட்சத வகுப்பு’ எனப்பட்ட உயிர்களோடு பொருதும்போது, றேஞ்சர் எத்தனையாம் படிநிலையினனோ அத்தனை புள்ளிகள் அவன் ஏற்படுத்தும் சேதத்தோடு கூட்டப்படும். யார் இந்த இராட்சதர்? பட்டியலில் ஓர்க்குகள், கொப்ளின்கள் மட்டுமன்றி ஏறத்தாழ மூன்றடி உயரமே கொண்ட கோபோல்டுகளும் உள்ளனர்! இடுப்பளவு உயரமுள்ளவனையும் இராட்சதன் என்று வகைப்படுத்துவது விலங்கியலால் ஆகாது, அரசியலாலேயே ஆகும். இவனே கட்டாயமாக நல்லொழுக்கம் உடையவனாகவும் இருத்தல் வேண்டும் என்று அதே நூல் விதிக்கிறது. ஆகவே அவனது கொலைத்திறன் நன்மையின் ஒரு கூறாகிவிடுகிறது.

2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிற்கு வருவோம். உடைமை வரம்பு அங்கே இல்லை. ஒழுக்கக் கட்டாயமும் இல்லை. பகை மட்டும் விரிவடைந்து, ஆட்டக்காரர் தாமே தெரிந்தெடுக்கும் ‘விருப்பப் பகைவர்’ ஆயிற்று. இதற்கொரு நிபந்தனை உண்டு: தன் சொந்த இனத்தையே விருப்பப் பகையாகத் தெரிந்தெடுக்க விரும்புவோன் தீயவனாக இருத்தல் வேண்டும். மறுதலையாக நோக்குக. பிற இனமொன்றைத் தெரிந்தெடுப்பவன் நல்லவனாகவே இருக்கலாம்! இனவாதத்தின் முழுத் தருக்கமும் ஒற்றை வரியில் அடங்கிவிட்டது. எழுதியோர் இதனைத் தீய எண்ணத்தோடு எழுதினர் என்று நான் கூறவில்லை. எண்ணிப் பாராமலே இயல்பாக எழுத முடிந்தது என்பதுதான் கவலைக்குரியது.

“ஓர்க்குகள் கற்பனை உயிர்கள்; இவர்களுக்காக வழக்குரைப்பது நகைப்புக்கிடமன்றோ?” என்று கேட்கப்படலாம். ஓர்க்குகளுக்கு நமது வழக்குரை தேவையில்லை என்பது மெய்யே. ஆயின் ஒரு கூட்டத்தை எவ்வாறு வருணித்தால் அதனைக் கொல்வது இன்பமாகும் என்ற பயிற்சி கற்பனையன்று. மேசையிலிருப்போரின் நாவிலும் செவியிலும் அது நிகழ்கிறது. கைகாக்ஸ் எழுதி 1979 இல் வெளிவந்த ‘த கீப் ஒன் த போடர்லான்ட்ஸ்’ என்ற ஆட்டக்கதையை எடுத்துக்கொள்வோம். எல்லைப்புறத்தில் ஒரு கோட்டை. அதற்கப்பால் பலவின உயிர்கள் குடியிருக்கும் குகைகள். அக்குகைகளில் உள்ளோரைக் கணக்கிடும்போது போர்செய்வோர் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர், குஞ்சு குழந்தைகள் இத்தனை பேர் என்று நூல் தொகை தருகிறது. இவர்கள் அங்கே குடும்பமாக வாழ்கின்றனர் என்பதை அறிந்தே எழுதப்பட்ட கணக்கு இது. குகையை வென்ற பின் அக்குழந்தைகளை என்ன செய்வது என்ற வினாவால் சண்டையிட்டுக் கலைந்த மேசைகளைப் பற்றி ஆட்டக்காரர் பலர் பேசுவர். கலைந்தமை நன்று என்பேன். விதிநூல் எழுப்பாத வினாவை ஆட்டக்காரரின் மனச்சாட்சி எழுப்பிற்று.

‘வனாந்தரம்’ என்ற கருத்திலேயே இச்சிக்கலின் வேர் உளது. முதல் விதிநூல் காட்டுப் பயணத்துக்கென ‘அவுட்டோர் சவைவல்’ என்ற வேறொரு பலகை விளையாட்டின் வரைபடத்தைப் பரிந்துரைத்தது. அறுகோணக் கட்டங்களாற் பகுக்கப்பட்ட ஆளற்ற நிலம். பகடை உருட்டினால்தான் அதில் எவரேனும் ‘தோன்றுவர்’. திணை மரபிற் பயின்ற நமக்கு இது விந்தையாகவே படும். முல்லைக்கும் குறிஞ்சிக்கும் தொழிலும் உணவும் தெய்வமும் அங்கு வாழும் மக்களும் கருப்பொருளாக அமைந்திருக்க, மக்களின்றி ஒரு நிலத்தை நாம் எண்ணுவதெங்ஙனம்?

காட்டறிவுதான் என்னவாயிற்று? 2014 ஆம் ஆண்டுப் பதிப்பில் றேஞ்சர் தனக்குப் பழக்கமான நிலவகையில் நெடும்பயணம் செய்யும்போது, மாயத்தாலன்றி அவனது கூட்டம் வழி தவறாது. கடினமான தரை வேகத்தைக் குறைக்காது. உணவு தேடினால் இருமடங்கு கிடைக்கும். பார்வைக்கு இவை பெரும் வரங்கள். ஆயின் ஆடிப் பார்த்தோர் ஏமாற்றமுற்றனர். வழி தவறுதலே இல்லையெனில் வழி கண்டறிதலும் இல்லை. பாசியின் பக்கம் பார்த்தல், பறவைகள் கலைவதைக் கவனித்தல், நேற்றைய மழையிற் சுவடு எவ்வாறு கரைந்தது என்று மேசையில் வாதித்தல் ஆகிய உழைப்பு முழுவதும் ஒரு வாக்கியத்தால் அழிந்தது. அறிவு உழைப்பிலிருந்து பிரிக்கப்பட்டுச் சொத்தாக வழங்கப்பட்டது. 2020 இல் மாற்று விதிகள் அச்சிடப்பட்டமைக்கு இவ்வதிருப்தியும் ஒரு காரணமெனலாம்.

அதே 2020 இல், ஓர்க் முதலியோரைச் சித்திரித்த முறை உண்மை உலகில் இனக்குழுக்கள் இழிவுபடுத்தப்பட்ட முறையை ஒத்திருந்ததென வெளியீட்டு நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆம் ஆண்டு நூலில் ‘இனம்’ என்ற சொல்லும் கைவிடப்பட்டது. ‘விருப்பப் பகைவர்’ என்ற தலைப்பு எஞ்சியுள்ளது. அதன்கீழ் இப்போதிருப்பது எந்தக் கூட்டத்தின் பெயருமன்று, எவர்மீதும் ஏவக்கூடிய வேட்டைக்குறி மந்திரமே. வெறுக்கும் மக்களின் பட்டியல் நீங்கியது நன்று. வெறுப்பின் கருவி மட்டும் எவருக்கும் பொருந்துமாறு செப்பனிடப்பட்டுள்ளது.

மொழி பற்றிய ஒரு சிறு விதியையும் இங்கு சுட்டவேண்டும். 2014 நூலின்படி, ஒரு கூட்டத்தைப் பகையாகத் தெரிந்தெடுக்கும் றேஞ்சர் அவர்களது மொழியொன்றையும் கற்றுக்கொள்வான். பகைவரை ஒற்றறியவே அம்மொழி என்று பெரும்பாலோர் ஆடினர். 2024 நூலில் அவனுக்கு இரண்டு மொழிகள் கிடைக்கின்றன. எவருடைய மொழி என்ற நிபந்தனை இல்லை, பகை என்ற முகாந்தரமும் இல்லை. அடுத்த முறை இப்பாத்திரத்தை ஏற்போர் ஓர்க்குகளின் மொழியைத் தெரிந்தெடுத்து, குகை வாயிலில் வில்லைத் தாழ்த்தி, இக்காட்டின் வழிகளை அங்குள்ளோரிடமே கேட்டுப் பார்க்கலாம். அதற்குத் தடைவிதி எதனையும் நான் அந்நூலிற் காணவில்லை.