ரூபாய்க்கு அஞ்சு காசு

அடுக்குமாடியில் ஃபிளாட் பார்க்கப் போகிறீர்களா? வாஸ்து, கார் பார்க்கிங், போர் தண்ணீர் எல்லாம் விசாரித்த பிறகு பில்டரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். 'டிவி வயர் எந்த வழியா சார் வருது?' மனுஷர் முழிப்பார். ஏசிக்குத் தனி பைப், இன்வெர்ட்டருக்குத் தனி லைன் என்று யோசித்துப் போட்டவர், டிவி வயரை மட்டும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நாலு மாடி தொங்கவிட்டு, ஜன்னல் வழியாக ஹாலுக்குள் இழுத்திருப்பார். அந்த ஜன்னலை அப்புறம் ஜென்மத்துக்கும் முழுசாகச் சாத்த முடியாது.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? டிவிக்கு ஐம்பதாயிரம் கொடுப்போம். வயருக்கு மீட்டர் கணக்கில் பேரம் பேசுவோம். படம் கட்டம் கட்டமாக உறைந்தால் டிவி கம்பெனியைத் திட்டுவோம்.

நான் பி.காம். எனக்குப் புரிந்த மொழியில் ஒரு லாப நஷ்டக் கணக்கு போடுகிறேன். கேபிள் டிவி சிக்னல் மாடியில் 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஜி-6 என்கிற நல்ல வயரே 30 மீட்டர் ஓடினால், கேபிளின் உச்ச அலைவரிசையில் 6 டெசிபல் சாப்பிட்டுவிடும். 3 டெசிபல் என்றால் பாதி போச்சு. 6 என்றால் முக்கால் போச்சு. கையில் 25 காசு. பெட்ரூம் டிவிக்காக ஒரு ஸ்பிளிட்டர்: மூன்றரை டெசிபல், மிச்சம் 11 காசு. மாமியார் ரூமுக்கு இன்னொரு ஸ்பிளிட்டர்: 5 காசு. மட்டமான வயர், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், மழைத் தண்ணி இறங்கிய கனெக்டர் இதெல்லாம் இன்னும் கணக்கில் எழுதவே இல்லை.

இந்த இடத்தில்தான் கடைக்காரர் 'ஒரு பூஸ்டர் போட்டுடுங்க சார்' என்பார். நீங்களும் வாங்கிவந்து டிவிக்குப் பின்னால் மாட்டுவீர்கள். அது 5 காசை 1 ரூபாய் ஆக்கும், சரி. கூடவே வழியில் சேர்ந்த இரைச்சலையும் அதே அளவு பெருக்கி, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். அந்த ரூபாயில் பாதி கள்ள நோட்டு. பூஸ்டர் தேவைப்பட்டால் அதன் இடம் மாடி. சிக்னல் தேய்வதற்கு முன்னால் பெருக்கி அனுப்பினால்தான் பிரயோஜனம். இதை எந்தக் கடையிலும் சொல்லி விற்று நான் பார்த்ததில்லை.

ஆன்டெனா காலத்திலும் இதே அலட்சியம்தான். அந்த மீன்முள் ஆன்டெனாவுக்கு யாகி என்று பெயர். 1926-ல் அதைப் பற்றி முதலில் எழுதியவர்கள் ஜப்பானில் யாகி, உடா என்ற இருவர். பரிசோதனைகளில் பெரும்பங்கு உடாவுடையது. பெயர் புரொபசர் யாகிக்குப் போனது (ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை). 1942-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷ் ரேடார் குறிப்பேட்டில் 'யாகி' என்ற வார்த்தையைப் பார்த்து ஜப்பானியர்கள் குழம்ப, பிடிபட்ட வெள்ளைக்காரர்தான் 'அது உங்க ஊர்க்காரர் பேருய்யா' என்று விளக்கியதாகச் சொல்வார்கள்.

நம் ஊரில் அந்த ஆன்டெனாவை அவரவர் இஷ்டத்துக்குத் திருப்பினார்கள். நீளக் குச்சி பின்னால், குட்டைக் குச்சிகள் ஸ்டேஷன் பக்கம். இவ்வளவுதான் விதி. ஹீரோவுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஹீரோ தெரிந்தாரே, அது ஏதோ கட்டடத்தில் மோதித் தாமதமாக வந்த அலை. 300 மீட்டர் சுற்றி வந்தால் 1 மைக்ரோசெகண்ட் லேட். 20 அங்குல டிவியில் முக்கால் சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்தே குற்றவாளிக் கட்டடத்தைத் தேடியிருக்கலாம். யாரும் தேடவில்லை. கடலோரக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. எண்பதுகளில் ரூபவாஹினி பார்க்க உயரமாகக் கம்பம் நட்டு, இலங்கைப் பக்கம் பார்த்து இஞ்ச் இஞ்சாகத் திருப்பினார்கள். ஆசை இருந்தால் பொறுமையும் வருகிறது.

டிஷ் விஷயத்தில் இன்னொரு கூத்து. ஒரே டிஷ்ஷில் இரண்டு டிவிக்குச் சாதா கேபிள் ஸ்பிளிட்டரை மாட்டுகிறார்கள். செட்-டாப் பாக்ஸ் அதே வயர் வழியாக மேலே 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எந்த வகை அலை வேண்டும் என்று கேட்கிறது. ஹால் 13 கேட்க, பெட்ரூம் 18 கேட்டால் டிஷ் யார் பேச்சைக் கேட்கும்? இரண்டு வாய் உள்ள எல்என்பி வாங்கி, ஆளுக்கொரு வயர் இழுங்கள். பில்டர் பைப் போடாததன் அருமை அப்போது தெரியும்.

தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் டவர்களைப் பெரும்பாலும் 2022-க்குள் நிறுத்திவிட்டது. அந்தக் காலத்துக் கம்பங்கள் மட்டும் பல மாடிகளில் துருப்பிடித்து நிற்கின்றன. பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் நீங்களே கழற்றப் போகாதீர்கள். சாய்கிற இரும்புக் கம்பத்தைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மழை இல்லாத நாளாகப் பார்த்து. அவர் வருவதற்குள் அதில் கட்டியிருக்கும் துணிக்கொடியை அவிழ்த்து வையுங்கள்.